எரியாத காட்டின் கணக்கு

1

கடந்த ஒரு வருடத்தில் நான் வாசித்த நாவல்களைவிட கார்பன் திட்ட ஆவணங்கள் அதிகம். சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆரம்பித்தது விமான டிக்கெட் எடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் வரும் ஒரு சின்னப் பெட்டியில். அதில் ஒரு டிக் போட்டால் நம் பயணத்தின் கார்பனை எங்கோ ஒரு காடு ஈடுகட்டிவிடுமாம். எந்தக் காடு, யார் காக்கிறார்கள், அது என் கார்பனை எப்படி ஈடுகட்டும்? கேட்டுக்கொண்டே போனதில் நூறு, இருநூறு பக்க பிடிஎஃப்களில் போய் விழுந்தேன்.

முதலில் சலிப்பாக இருந்தது. அட்டவணைகள், வரைபடங்கள், ஒரே வாக்கியம் மூன்று இடத்தில். நாலைந்து ஆவணங்கள் தாண்டியபிறகு ஒன்று புரிந்தது. இவற்றுக்கு ஒரு வடிவம் இருக்கிறது, கதாபாத்திரங்கள் இருக்கிறார்கள், நடக்கப்போகும் ஒரு பேரழிவு இருக்கிறது. கதை இலக்கணம் தெரிந்தவருக்கு இது பழகிய ஆள்தான். அதனால் ஒரு நாவலை வாசிப்பதுபோலவே இவற்றை வாசிக்கலாம், விமர்சிக்கலாம் என்று தோன்றியது. இந்தக் கட்டுரை அந்த முயற்சி.

கிராமங்கள் தங்கள் காட்டைக் காப்பது, அதன்வழியாக உலகின் கார்பன் உமிழ்வு குறைவது, அதற்குப் பணம் வருவது. இந்த யோசனையின் சரித்திரம் சுருக்கமானது. 2005இல் மாண்ட்ரியலில் நடந்த ஐநா காலநிலை மாநாட்டில் பப்புவா நியூகினியும் கோஸ்டா ரிகாவும் காடழிப்பைக் குறைப்பதற்கு நாடுகளுக்குப் பணம் தரவேண்டும் என்று முன்வைத்தன. 2007இல் பாலி மாநாட்டில் அது அதிகாரபூர்வப் பேச்சுக்குள் வந்தது. பிறகு அதற்கு ‘ரெட்’ என்று பெயர், பின்னால் ஒரு பிளஸ் குறி சேர்ந்து ‘ரெட் பிளஸ்’. அரசுகள் பேசிக்கொண்டிருந்தபோதே தனியார் கார்பன் சந்தை முந்திக்கொண்டது. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்காமல் தடுத்தால் ஒரு கிரெடிட். அதை யார் வேண்டுமானாலும் வாங்கித் தங்கள் புகையின் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் கதை தேவைப்படுகிறது. மரம் நட்டால் எண்ணிவிடலாம். வெட்டப்படாத மரத்தை எப்படி எண்ணுவது? காட்டில் நிற்கிற எல்லா மரமும் வெட்டப்படாத மரம்தானே. அதில் எது திட்டத்தால் பிழைத்த மரம், எது எப்படியும் நின்றிருக்கும் மரம்? பதில் சொல்ல ஒரே வழி, திட்டம் வராமல் போயிருந்தால் இந்தக் காட்டுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எழுதுவது. அந்த நடக்காத எதிர்காலத்துக்குத் துறையில் ‘பேஸ்லைன்’ என்று பெயர். நடக்காத எதிர்காலத்தில் எரிந்த காட்டுக்கும், நிஜத்தில் எரிந்த காட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிரெடிட்.

புனைவு என்று சொல்வதால் இதைப் பொய் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல புனைவும் உண்டு, மோசமான புனைவும் உண்டு. யார் எழுதுகிறார்கள், யாரை எழுதுகிறார்கள், யாருக்காக எழுதுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

2

மேகாலயாவில் ஷில்லாங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது மாப்லாங். அங்கே சுமார் 75 ஹெக்டேரில் ஒரு புனிதக் காடு. காசி மக்கள் அதை ‘லா லிங்தோ’ என்கிறார்கள், பூசாரிக் குலத்தின் பொறுப்பில் இருக்கும் காடு. அதற்குள் லபாசா என்ற காவல் தெய்வம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு இலையைக்கூட வெளியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. விழுந்து கிடக்கும் சுள்ளிக்கும் அதே சட்டம்தான். நம்மூர்க் கோயில்காடுகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

காசி மலைகளில் காட்டுக்குப் பல பெயர். புனிதக் காடு ஒன்று, எதுவும் எடுக்கக்கூடாத தடுப்புக் காடு ஒன்று, ஊருக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளும் ஊர்க்காடு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. அந்த விதிகளைப் போடுவது ‘தோர்பார்’ எனப்படும் ஊர்ச்சபை. பல ஊர்கள் சேர்ந்தது ஒரு ‘ஹிமா’, பழைய குறுநாடு. மேகாலயாவில் காட்டின் பெரும்பகுதி வனத்துறையின் கையில் இல்லை. ஊர்களிடமும் குலங்களிடமும் தனி ஆட்களிடமும் இருக்கிறது. அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணை அந்தப் பாரம்பரிய நிர்வாகத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது.

இந்தப் பகுதியில்தான் காசி மலைகள் சமுதாய ரெட் பிளஸ் திட்டம் பிளான் விவோ என்ற தரச்சான்று அமைப்பில் பதிவானது. இந்தியாவில் சமுதாயம் நடத்தும் ரெட் திட்டங்களில் முதலாவது. 10 ஹிமாக்கள், 62 ஊர்கள், சுமார் 27,000 ஹெக்டேர். உமியம் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. ஹிமாக்களே சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உண்டாக்கி அதை நடத்துகிறார்கள்.

நான் வாசித்தவற்றில் இதன் ஆவணம் கொஞ்சம் மரியாதையானது. ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன. காட்டின் காசிப் பெயர்கள் இருக்கின்றன. யாருக்கு எந்த நிலத்தில் என்ன உரிமை என்று விளக்கியிருக்கிறார்கள். செய்த வேலைகளும் கண்ணுக்குத் தெரிகிறவை. தீத்தடுப்புக் கோடு வெட்டினார்கள். தீ பார்க்க ஊர் இளைஞர்களை வைத்தார்கள். விறகு குறைவாகத் தின்னும் அடுப்பு கொடுத்தார்கள். மேய்ச்சலுக்கு விடும் ஆடு மாடுகளுக்குப் பதிலாகக் கொட்டிலில் வளர்க்கும் பன்றியும் கோழியும் வளர்க்க உதவினார்கள். நடவு குறைவு. வெட்டுப்பட்ட காட்டை மிதிபடாமல், எரியாமல் விட்டால் தானாகத் துளிர்க்கும் என்ற நம்பிக்கையில் அதிக வேலை. பிளான் விவோ விதிப்படி கிரெடிட் விற்ற பணத்தில் 60 சதவீதமாவது ஊருக்குப் போக வேண்டும். இந்தத் துறையில் அது நல்ல விதி.

ஆக, இதை மோசமான உதாரணமாக எடுக்கவில்லை. நல்ல உதாரணம் என்பதால்தான் எடுக்கிறேன். மோசமான பிரதியில் தெரிவது அந்த எழுத்தாளரின் குறை மட்டும்தான். நல்ல பிரதியிலும் ஒரு நெருடல் மிச்சமிருந்தால் அது வகைமையின் குறை.

என் நெருடல் இதுதான். அந்த 75 ஹெக்டேர் புனிதக் காட்டை மட்டும் தனியாக எடுத்து ஒரு கார்பன் திட்டம் எழுதுங்கள். என்ன வரும்? கடந்த காலக் காடழிப்பு பூஜ்யம். எதிர்காலத்தில் எதிர்பார்க்கப்படும் காடழிப்பு பூஜ்யம். நிஜத்தில் நடப்பது பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் கிரெடிட் பூஜ்யம். இலையைக்கூடத் தொடாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்த காடு இந்தக் கணக்கில் ஒரு பைசா பெறாது. பணம் வருவது, சுற்றிலும் கரி சுட்டும் கல் உடைத்தும் தீ பரவியும் தேய்ந்துகொண்டிருந்த மற்ற காடுகளுக்குத்தான்.

துறையில் இதற்கு ‘அடிஷனாலிட்டி’ என்கிறார்கள். எப்படியும் நடக்கப்போவதற்குப் பணம் தரக்கூடாது, பணத்தால் மட்டும் நடப்பதற்கே தரவேண்டும். கணக்காக நியாயமானதுதான். வாங்குகிறவர் அந்தக் கிரெடிட்டைக் காட்டி நிஜமான புகையை விடப்போகிறாரே, ஈடு நிஜமாக இருக்க வேண்டாமா? ஆனால் இந்த நியாயத்தின் மறுபக்கம் என்ன? ஒரு கிராமம் காசு பெற வேண்டுமென்றால், தான் காட்டை அழித்துக்கொண்டிருந்தேன், விட்டால் இன்னும் அழித்திருப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

3

எளிய கணக்கு ஒன்று. இரண்டு கற்பனை ஊர்கள், இரண்டுக்கும் ஆளுக்கு 1,000 ஹெக்டேர் காடு. முதல் ஊர்க் காட்டில் வருடம் 30 ஹெக்டேர் போய்விடும் என்று ஆவணம் சொல்கிறது. நிஜத்தில் 5 ஹெக்டேர்தான் போனது. 25 ஹெக்டேர் காப்பாற்றப்பட்டதாகக் கணக்கு, அதற்குக் கிரெடிட். இரண்டாவது ஊரில் எதுவும் போகாது என்று ஆவணம் சொல்கிறது, எதுவும் போகவும் இல்லை. கிரெடிட் இல்லை. இப்போது முதல் ஊரின் ஆவணம் எழுதுகிறவர் 30 என்பதை 60 என்று மாற்றுகிறார். காட்டில் ஒரு மரம்கூடக் கூடவில்லை, குறையவில்லை. கிரெடிட் இரண்டு மடங்குக்கு மேல்.

எழுதுகிற ஆலோசகருக்கும், விற்கிற நிறுவனத்துக்கும், மலிவான கிரெடிட் தேடும் வாங்குகிறவருக்கும், எல்லோருக்குமே பயங்கரமான எதிர்காலம்தான் லாபம். அதைக் குறைத்து எழுதச் சொல்லும் ஆள் அந்த அறையில் இல்லை.

இது வெளியே வந்தது 2023 ஜனவரியில். தி கார்டியன், டி ட்ஸைட், சோர்ஸ்மெட்டீரியல் மூன்றும் சேர்ந்து, உலகின் மிகப் பெரிய சான்றளிப்பு அமைப்பான வெரா கொடுத்த மழைக்காட்டு கிரெடிட்டுகளில் தாங்கள் ஆராய்ந்தவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் வெறும் காற்றாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதின. வெரா அதை மறுத்தது. அதே ஆகஸ்டில் தேல்ஸ் வெஸ்ட்டும் சக ஆய்வாளர்களும் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று கண்டங்களில், ஆறு நாடுகளில், 26 திட்டங்கள். ஒவ்வொரு திட்டக் காட்டுக்கும் அதேபோன்ற, ஆனால் திட்டம் இல்லாத நிலப்பகுதிகளைத் தேர்ந்து கலந்து ஒரு ஒப்பீட்டுக் காடு செய்து, அங்கே நிஜத்தில் எவ்வளவு அழிந்தது என்று பார்த்தார்கள். திட்டங்கள் தருவதாகச் சொன்ன சுமார் 8.9 கோடி கிரெடிட்டில் 54 லட்சம்தான் உண்மையான குறைப்போடு பொருந்தியது. ஏறக்குறைய 6 சதவீதம்.

பயங்கரமான எதிர்காலங்கள் பெரும்பாலும் நடக்கப்போவதே இல்லை என்று அர்த்தம். கதைசொல்லி மிகைப்படுத்திவிட்டார்.

இதற்கு வெராவின் பதில், அதே ஆண்டு நவம்பரில் வந்த புதிய முறைமை. இனிமேல் திட்டக்காரர் தன் பேஸ்லைனைத் தானே எழுதிக்கொள்ள முடியாது. ஒரு வட்டாரம் முழுவதற்குமான காடழிப்புத் தரவை வெராவே ஏற்பாடு செய்து, அதிலிருந்து அபாயத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும். தேர்வு எழுதுகிறவரே கேள்வித்தாளும் தயாரித்த காலம் முடிந்தது. நல்லதுதான்.

இருந்தாலும் இந்த விவாதம் முழுவதும் ஒரே திசையில் போகிறது. பத்திரிகைகள், ஆய்வாளர்கள், சான்றளிப்பவர்கள் எல்லோரும் எண் சரியா தப்பா என்றுதான் கேட்கிறார்கள். எண் மிகச் சரியாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். செயற்கைக்கோள், மெஷின் லேர்னிங், ஒரு இலை விடாமல் எண்ணியாகிவிட்டது. அப்போதும் மாப்லாங் புனிதக் காட்டுக்கு பூஜ்யம்தான். துல்லியம் கூடக் கூட அந்த பூஜ்யம் இன்னும் உறுதியாகும்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி. இரவு 2 மணிக்கு சர்வர் விழுந்து, கண் சிவக்க உட்கார்ந்து 4 மணிக்குள் தூக்கி நிறுத்துகிறவருக்கு மறுநாள் எல்லோரும் கைதட்டுவார்கள். அப்ரைசலிலும் அது வரும். விழாதமாதிரி முதலிலேயே யோசித்து எழுதியவருக்கு? “நீங்க இந்த வருஷம் என்ன பண்ணீங்க?” என்று மேனேஜர் கேட்பார். நடக்காத ஒன்றை டேஷ்போர்டில் காட்ட முடியாது. அதனால் பல அணிகளில் தீ அணைப்பவர்கள் பெருகுகிறார்கள், தீப்பிடிக்காதபடி கட்டுகிறவர்கள் வேறு வேலை தேடிப் போகிறார்கள். ஒரு அளவுகோலை வைத்துக் காசு கொடுத்தால் மனிதர்கள் அந்த அளவுகோலுக்குத் தகுந்தபடி மாறுகிறார்கள். கிராமம் மட்டும் விதிவிலக்கா?

4

திட்ட ஆவணங்களில் கதாபாத்திரங்கள் என்றேன். கதாநாயகன் வெளியிலிருந்து வரும் திட்டம். காப்பாற்றப்பட வேண்டியது காடு. வில்லன் யார்? ‘காடழிப்புக் காரணிகள்’ என்ற தலைப்பில் அந்தப் பட்டியல் இருக்கும். விறகு பொறுக்கும் பெண், ஆடு மேய்க்கும் சிறுவன், கரி சுடுபவர், மலைச்சரிவில் மாறிமாறி விவசாயம் செய்பவர். காசி மலை ஆவணத்திலும் விறகு, கரி, கல்குவாரி, மேய்ச்சல், தீ என்று பட்டியல் உண்டு. அது பொய்யில்லை. புனிதக் காட்டுக்கு வெளியே இருந்த காடுகள் நிஜமாகவே தேய்ந்தன. கிராமம் என்றாலே இயற்கையோடு இசைந்த சொர்க்கம் என்று எழுதும் நம்முடைய இன்னொரு மோசமான வகைமையை நான் இதற்கு மாற்றாக வைக்கவில்லை. குளிரில் கிடக்கும் மலை ஊரில் அடுப்பு எரிய வேண்டும். அந்த விறகு காட்டிலிருந்துதான் வரும்.

நான் கேட்பது பட்டியலில் இல்லாதவரைப் பற்றி. அந்தக் கிரெடிட்டை வாங்கப்போகிறவர், அவருடைய புகை, அது எதற்காக விடப்பட்டது? அந்தக் கதாபாத்திரம் ஆவணத்தில் எங்கும் வருவதில்லை. விறகுக்காரப் பெண்ணின் அடுப்பில் தினம் எத்தனை கிலோ விறகு எரிகிறது என்று ஒரு பத்தி இருக்கும். வாங்குகிறவரின் குளிர்சாதனத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூல் எழுதினார்கள். ஏழை நாட்டு நெல் வயலின் மீத்தேனையும் பணக்கார நாட்டுக் காரின் புகையையும் ஒரே தராசில் போட்ட ஒரு அமெரிக்க ஆய்வறிக்கைக்கு எதிர்வினை அது. பிழைப்பதற்கான உமிழ்வு வேறு, சொகுசுக்கான உமிழ்வு வேறு என்ற பாகுபாட்டை வலியுறுத்தினார்கள். இன்றைக்கும் ஒரு இந்தியரின் சராசரி கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 2 டன், ஒரு அமெரிக்கருடையது சுமார் 14 டன். இந்திய சராசரியிலும் நகரத்து ஐடி ஊழியனான என் பங்கும் மாப்லாங் பக்கத்துக் குடும்பத்தின் பங்கும் ஒன்றாகக் கலந்திருக்கிறது. கார்பன் கிரெடிட்டின் சாமர்த்தியம் இந்தப் பாகுபாட்டை அழிப்பதில் இருக்கிறது. ஒரு டன் என்றால் ஒரு டன். என் விமானத்தின் டன்னும் அவள் அடுப்பின் டன்னும் சமம். அவள் குறைத்துக்கொண்டால் நான் பறக்கலாம்.

வில்லனாக எழுதப்படுவது காகிதத்தோடு முடிவதில்லை. கம்போடியாவின் தெற்கு ஏலக்காய் மலைகளில் சுமார் 5 லட்சம் ஹெக்டேரில் ஒரு ரெட் பிளஸ் திட்டம் நடக்கிறது. அந்தக் காட்டில் நூற்றாண்டுகளாக சோங் பழங்குடியினர் வாழ்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, திட்டம் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அந்த மக்களிடம் யாரும் கலந்து பேசவில்லை என்கிறது. தாங்கள் காலங்காலமாகப் பயிர் செய்த இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களையும், காட்டில் பொருள் சேகரிக்கப் போய்க் கைதானவர்களையும் அது பதிவு செய்தது. திட்டத்தை நடத்தும் அமைப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. வெரா 2023இல் கிரெடிட் வழங்குவதை நிறுத்திவைத்து, 2024இல் மீண்டும் அனுமதித்தது.

இரண்டு ஆவணங்களையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால் வித்தியாசம் தெரிகிறது. காசி மலைகளில் நிலம் ஊருடையது. எனவே ஊர் இல்லாமல் ஆவணமே எழுத முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஊர் இருக்கிறது. கம்போடியாவில் காடு அரசுடையதாகக் கருதப்படுகிறது. ஊர், காடழிப்புக் காரணிகளின் பட்டியலில் இருக்கிறது. ஒரே வகைமை, ஒரே சூத்திரம். கதாபாத்திரத்தின் விதியைத் தீர்மானித்தது அந்த நிலத்தின் பட்டா யார் பெயரில் என்பதுதான்.

5

சரி, அப்படியானால் எப்போதும் காத்தவர்களுக்கே காசு கொடுத்துவிட்டால் போயிற்று, இல்லையா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

தென்னமெரிக்காவின் வடகோடியில் கயானா. நாட்டின் நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் காடு, அழிவு மிகக் குறைவு. பழைய சூத்திரப்படி அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது. ‘ட்ரீஸ்’ என்ற தரநிலை, காடு அதிகமும் அழிவு குறைவுமான நாடுகளுக்கு என்று தனிச் சூத்திரம் வைத்தது. பேஸ்லைனை வரலாற்று அளவுக்கு மேலே கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தது. 2022 டிசம்பரில் கயானாவுக்கு 3.3 கோடிக்கும் அதிகமான கிரெடிட்டுகள் கிடைத்தன. அதே மாதம் ஹெஸ் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம் 2030 வரையிலான காலத்துக்கு 3.75 கோடி கிரெடிட்டுகளைக் குறைந்தது 75 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. வருமானத்தில் 15 சதவீதம் அமெரிந்தியப் பழங்குடி ஊர்களுக்கு. தங்களிடம் சரியாகக் கலந்தாலோசிக்கவில்லை என்று அமெரிந்திய மக்கள் சங்கம் புகார் கொடுத்தது.

ஹெஸ் அப்போது கயானாவின் கடலில் எண்ணெய் எடுக்கும் கூட்டு நிறுவனங்களில் ஒன்று. காட்டைக் காத்ததற்கான பணம் அதே நாட்டின் கடலில் எண்ணெய் எடுப்பவரிடமிருந்து வருகிறது.

இந்த உதாரணம் எனக்கு நிறைய நாள் குடைந்தது. காத்தவருக்குப் பணம் போகிறது, நான் கேட்டது அதைத்தானே? பிறகு ஏன் நெருடுகிறது? ஏனென்றால் அந்தக் காடு எப்படியும் நின்றிருக்கும். அதைக் காட்டி ஒருவர் தன் புகையைக் கழித்துக்கொண்டால், காற்றில் புகை அப்படியே இருக்கிறது, கணக்கில் மட்டும் மறைகிறது. அடிஷனாலிட்டி என்ற விதியை எந்த அபத்தத்தைத் தடுப்பதற்காகக் கொண்டுவந்தார்களோ அதுவே நடக்கிறது.

ஆக, இரண்டு பக்கமும் முட்டுகிறது. விதியைக் கறாராக வைத்தால் காத்தவருக்கு ஒன்றுமில்லை. விதியைத் தளர்த்தினால் வளிமண்டலத்துக்கு ஒன்றுமில்லை. கோடில் இப்படி இரண்டு பக்கமும் டெஸ்ட் விழுந்தால் நாங்கள் சூத்திரத்தைத் தட்டிக்கொட்டிக் கொண்டிருக்க மாட்டோம். இரண்டு வேறு வேலைகளை ஒரே ஃபங்ஷனில் திணித்திருக்கிறோமா என்று பார்ப்போம். இங்கே திணித்திருப்பது அதுதான். காட்டைக் காத்தவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது ஒரு வேலை. புகை விடுகிறவரின் கணக்கைத் தீர்ப்பது இன்னொரு வேலை. இரண்டையும் கிரெடிட் என்ற ஒரே காகிதத்தில் எழுதியதால்தான், முதல் வேலையைச் செய்யும்போதெல்லாம் இரண்டாவது பொய்யாகிறது.

6

இந்தத் துறையை விமர்சிக்கிறவர்களிடம் வழக்கமாக ஒரு கேள்வி வரும். கார்பன் பணம் வேண்டாமென்றால் காட்டை வேறு எது காக்கும்?

நேபாளத்தைப் பார்க்கலாம். 1957இல் அந்நாட்டு அரசு தனியார் காடுகளைத் தேசவுடைமை ஆக்கியது. காடு அரசாங்கத்துடையது என்றானதும் ஊரின் பழைய ஏற்பாடுகள் நொறுங்கின. மலைகள் மொட்டையாயின. எழுபதுகளின் இறுதியிலிருந்து மெல்லப் பின்வாங்கி, 1993இன் வனச் சட்டத்தில் காட்டின் பயன்பாட்டு உரிமையை ஊர்க் குழுக்களிடம் கொடுத்தார்கள். இன்று அப்படி 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள். எந்த மாதம் காட்டைத் திறப்பது, யாருக்கு எவ்வளவு விறகு, திருடினால் என்ன அபராதம், எல்லாம் குழுவின் முடிவு. நாசாவின் நிதியில் நடந்த ஒரு ஆய்வின்படி 1992இல் நாட்டின் பரப்பில் 26 சதவீதமாக இருந்த காடு 2016இல் 45 சதவீதம். இளைஞர்கள் வேலைக்கு வெளிநாடு போனதும், சாகுபடியை விட்ட நிலங்களில் மரம் முளைத்ததும் இதற்குள் உண்டு. எல்லாப் புகழும் குழுக்களுக்கே என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தக் காடு கார்பன் சந்தைக்காக வளர்ந்த காடு இல்லை. ஊர்க்காரர் பெயரில் உரிமை இருந்ததால், நாளைக்கும் அது தன்னுடையதாக இருக்கும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த காடு.

காரெட் ஹார்டின் 1968இல் பொதுச்சொத்து எப்போதும் அழியும் என்று எழுதிய கட்டுரை உலகப் புகழ்பெற்றது. பொதுச்சொத்தை நூற்றாண்டுகளாகக் காத்த ஊர்களை ஆராய்ந்து அவற்றின் விதிகளை எழுதிய எலினோர் ஆஸ்ட்ரமின் நூல் 1990இல் வந்தது. 2009இல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஆனாலும் திட்ட ஆவணங்களின் மனசாட்சி இன்னும் ஹார்டினிடம்தான் இருக்கிறது. நான் வாசித்த வரையில் அவற்றின் முன்னுரையில் ஆஸ்ட்ரமின் வாசம் அடிக்கும், பேஸ்லைனில் ஹார்டின் உட்கார்ந்திருப்பார். முன்னுரையில் ஊர் பொறுப்பானது, கணக்கில் ஊர் பேராசைக்காரன்.

நேபாளத்துக்கும் பிறகு கார்பன் பணம் வந்தது. 2021இல் உலக வங்கியின் நிதியத்தோடு ஒப்பந்தம். 90 லட்சம் டன்னுக்கு 4.5 கோடி டாலர் வரை, அதாவது டன்னுக்கு 5 டாலர். எந்தப் பகுதிக்கு? தெற்குச் சமவெளியான தராயின் 13 மாவட்டங்களுக்கு. சமுதாயக் காடு முதலில் வேர்விட்டு, மொட்டை மலைகளை மூடிய நடுமலைப் பகுதி அந்தத் திட்டத்துக்குள் இல்லை. எங்கே இன்னும் இழப்பதற்கு இருக்கிறதோ அங்கேதான் பணம். மாப்லாங்கில் 75 ஹெக்டேரில் பார்த்த அதே பூஜ்யம், இங்கே ஒரு நாட்டின் மலைத்தொடர் அளவுக்கு.

7

விமர்சகன் கடைசியில் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான்.

காசி மலைத் திட்டம் போன்ற சிறிய, ஊரின் கையில் இருக்கும் முயற்சிகளை நான் நிராகரிக்கவில்லை. தீத்தடுப்புக் கோடு நிஜம். துளிர்த்த காடு நிஜம். புகையில்லாமல் சமைக்கும் அடுப்பு நிஜம். 27,000 ஹெக்டேரில் 10 ஹிமாக்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியது பெரிய விஷயம். இவற்றுக்குப் பணம் வேண்டும், தொடர்ந்து வேண்டும். நான் நிராகரிப்பது, அந்தப் பணத்தைப் பெற அவர்கள் எழுதித் தரவேண்டிய கதையை.

மாற்றுக் கதை ஒன்றும் பெரிய மர்மமில்லை. பணம் தருகிறவர் அதைத் தன் புகையின் கணக்கில் கழிக்காமல் தரட்டும். நன்கொடை என்று சொன்னாலும் சரி, கடன் திருப்பித் தருவது என்று சொன்னாலும் சரி. எனக்கு இரண்டாவது சொல் பிடித்திருக்கிறது. அப்படிக் கழிக்காமல் தந்தால் நடக்காத எதிர்காலம் தேவையே இல்லை. ஊர் தன்னைக் குற்றவாளியாக எழுத வேண்டாம். இந்தக் காடு எங்களுடையது, இன்னின்ன விதிகளோடு காக்கிறோம், இதற்கு வருடம் இவ்வளவு செலவு ஆகிறது என்று மூன்று வரி போதும். புனிதக் காட்டுக்கும் பங்கு வரும், கரி சுட்ட காட்டுக்கும் வரும். புகை விடுகிறவர் தன் புகையைத் தானே குறைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் இந்தக் கதைக்குச் சந்தையில் வாங்குபவர் குறைவு.

இந்தியாவில் இந்தப் பேச்சு தொடங்க வேண்டிய இடமும் தெளிவாகவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சமுதாய வன வளத்தின் மேல் கிராம சபைக்கு உரிமை கொடுக்கிறது. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு கிராமம் 2009இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு அந்த உரிமையைப் பெற்றது. தன் மூங்கிலைத் தானே விற்றுக் காட்டையும் நடத்துகிறது. நாட்டின் பல ஊர்களுக்கு அந்தப் பட்டா இன்னும் வரவில்லை. பட்டா வராத ஊரில் கார்பன் திட்டம் முதலில் வந்துவிட்டால், அந்த ஊர் எந்தப் பட்டியலில் எழுதப்படும் என்பதைக் கம்போடியா காட்டியிருக்கிறது.

இந்த ஆவணங்கள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. இலக்கியம் வாசிக்கிறவர்கள் இவற்றையும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. கதைசொல்லி எங்கே நிற்கிறார், யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வெறும் ‘காரணி’, எந்தக் கதாபாத்திரம் வரவேயில்லை என்று பார்க்க நமக்குப் பயிற்சி இருக்கிறது. ஒரு திட்ட ஆவணம் கையில் கிடைத்தால் நேரே பேஸ்லைன் பக்கத்தைத் திறங்கள். அந்தக் காட்டை அங்கே யார் எரிக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அந்தப் பக்கத்தை எழுதியவரின் ஊர் எது என்று தேடுங்கள்.